செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி எடுக்க மாட்டேங்குது – அவசரம்

நாலுசக்கரம்:
நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. இன்னிக்குக் காலையில இருந்து செல்ஃப் அடிச்சா சுத்துது, ஒரு தடவைகூடப் பத்தல. பிளக்ல கரண்ட் இல்ல. புதுக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தர்ற பாகம்) போட்டும் பார்த்துட்டேன், அப்படியேதான் இருக்கு. நாளைக்கு வண்டி வேணும், சீக்கிரம் சொல்லுங்க.

கருப்புஆயில்:
என்ன வண்டி, எந்த வருஷம்? காயில் கரண்டை அறுக்கிறது பாயின்டா (திறந்து மூடுற சின்ன சுவிட்ச்), எலெக்ட்ரானிக்கா? கரண்ட் இல்லைன்னு எங்க பார்த்தீங்க: பிளக் வயர் முனையிலயா, காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரிச்சு அனுப்புற பாகம்) மூடிக்கு வர்ற நடு வயர்லயா? நடு வயர்ல வந்து பிளக்ல வரலைன்னா அந்த மூடி, இல்லைன்னா அதுக்குள்ள சுத்துற ரோட்டார். நடு வயர்லயே இல்லைன்னா கீழ பாயின்ட் பக்கம்.

சோக்புல்:
பிளக்கைக் கழட்டி மோந்து பாருங்க. பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா ஃபிளட் ஆகியிருக்கு, அதாவது பெட்ரோல் அதிகமாயிடுச்சு. சோக்கை முழுசா உள்ள தள்ளிட்டு, ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதிச்சபடி பத்து செகண்ட் செல்ஃப் அடிங்க. பழைய கார்ப்ரேட்டர்ல இதுதான் முதல்ல பார்க்க வேண்டியது.

மின்பொறி:
கண்டென்சர்தான் (பாயின்டோட சேர்த்து மாட்டுற மின்தேக்கி). அது உள்ளுக்குள்ள ஷார்ட் ஆயிட்டா பாயின்ட் திறந்தாலும் கரண்ட் எர்த்துக்கே (வண்டி பாடிக்கே) போயிடும், காயில்ல பொறி பிறக்காது. 0.2 மைக்ரோஃபாரட் ஒண்ணு மாத்திப் பாருங்க.

டைமிங்லைட்:
காயிலை மாத்திட்டு வந்து காரணம் கேட்கிறது தலைகீழ் வேலை. ஒரு மீட்டர் வெச்சு ரெண்டு நிமிஷம் பார்த்தா முடியுற விஷயம். ஊகத்துல ஒவ்வொரு பாகமா மாத்தினா பழைய கோளாறோட புதுக் கோளாறும் சேரும். சர்க்யூட் எப்படி ஓடுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

நாலுசக்கரம்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். 1963 மாரிஸ் மைனர், 1098 சிசி, பாசிட்டிவ் எர்த் (பேட்டரி பிளஸ் பாடியில), பாயின்ட்தான். நடு வயர்லயே கரண்ட் இல்ல. பிளக் நனைஞ்சிருக்கு. நேத்து ராத்திரி பாயின்ட் புதுசு போட்டேன், இடைவெளி 0.4 மி.மீ. வெச்சேன். அது சரியாத்தான் இருக்கு, அதனால சொல்லல.

ஃபீலர்கேஜ்:
அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். பிளக் நனைஞ்சது பொறி இல்லாம பெட்ரோல் எரியாததால. அது விளைவு, காரணம் இல்ல.

இக்னிஷன் ஆன் பண்ணி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட் விரிஞ்சு நிக்கிற மாதிரி இன்ஜினைச் சுத்தி வைங்க. காயில்ல டிஸ்ட்ரிபியூட்டர் வயர் போற முனைக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டர் வைங்க. பாசிட்டிவ் எர்த்ங்கிறதால மைனஸ்ல காட்டும், பயப்படாதீங்க. விரிஞ்சிருக்கும்போது 12 வோல்ட், மூடினா பூஜ்யத்தை ஒட்டி வரணும். எப்பவும் 12னா பாயின்ட் மூடியும் கரண்ட் கடத்தல: புதுப் பாயின்ட் மேல பூசி வர்ற எண்ணெயைத் துடைக்காம விட்டாலும், பாயின்ட் உட்காருற பேஸ் பிளேட்டோட சன்ன எர்த் வயர் அறுந்தாலும் இப்படி ஆகும். எப்பவும் பூஜ்யம்னா (காயிலுக்கு உள்ள வர்ற முனையில 12 இருக்கான்னும் பார்த்துக்கோங்க) வயர் எங்கேயோ எர்த் ஆகுது.

அப்படின்னா அந்த வயரைக் காயில்ல இருந்து கழட்டி, அதுக்கும் காயிலோட உள்வரும் முனைக்கும் நடுவுல ஒரு டெஸ்ட் லேம்ப் போடுங்க. பாயின்டுக்கு நடுவுல அட்டைத்துண்டு வெச்சும் லேம்ப் எரிஞ்சா ஷார்ட் உறுதி. கண்டென்சர் வயரை எடுங்க. அணைஞ்சா கண்டென்சர். அப்பவும் எரிஞ்சா பாயின்ட் ஸ்பிரிங் மாட்டுற போஸ்ட்டைப் பாருங்க. ஸ்பிரிங் வளையத்துக்குக் கீழ ஃபைபர் வாஷர், அப்புறம் விளிம்பு வெச்ச இன்சுலேட்டர் புஷ், அந்த விளிம்புக்குக் கீழ ரெண்டு வயர் முனையும். முனைகள் ஸ்பிரிங்கைத் தொடணும், போஸ்ட்டையோ நட்டையோ தொடவே கூடாது. வாஷர் இடம் மாறினா பாயின்ட் என்னிக்குமே திறக்காத மாதிரிதான்.

பார்க்காத நேரத்துல இக்னிஷனை ஆஃப் பண்ணிடுங்க. பாயின்ட் மூடின நிலையில காயில்ல கரண்ட் ஓடிக்கிட்டே இருந்தா சூடேறிக் கெடும்.

கியர்ஷிஃப்ட்:
இத்தனை பாடும் எதுக்கு? எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டா பாயின்ட், கண்டென்சர் ரெண்டுமே வேண்டாம்.

டைமிங்லைட்:
பாசிட்டிவ் எர்த்னு அவர் எழுதினதைப் படிச்சீங்களா? நெகட்டிவ் எர்த் மாட்யூலை இதுல மாட்டினா உடனே போயிடும். பாயின்ட் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தேயும், வழியில நின்னாலும் சன்ன அரம் இருந்தா போதும். மாட்யூல் சொல்லாமக் கொள்ளாம நிக்கும்.

கியர்ஷிஃப்ட்:
பாசிட்டிவ் எர்த்துக்கும் தனி மாட்யூல் வருது சார். பாயின்டோட ஹீல் (சுத்துற கேம்ல உரசுற முனை) தேய்ஞ்சு டைமிங் (பொறி வர்ற நேரம்) மாறுற தொல்லையும் இல்ல.

மின்பொறி:
ஒரிஜினலா வெச்சுக்கிறதுதான் பழைய வண்டிக்கு மரியாதை. ஆனா கண்டென்சரை இன்னும் யாரும் பார்க்கலயே.

கருப்புஆயில்:
மாட்யூல் சண்டைக்குத் தனி இழை போடுங்க. நண்பருக்கு நாளைக்கு வண்டி வேணும்.

நாலுசக்கரம்:
அந்த போஸ்ட்தான். ரெண்டு வயரையும் புஷ்ஷுக்கு மேல நட்டோட சேர்த்து முறுக்கியிருக்கேன். மாத்தினதும் ஒரே தட்டுல எடுத்துடுச்சு. நன்றி.

ஃபீலர்கேஜ்:
நல்லது. ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும், பாயின்ட் இடைவெளியைத் திரும்ப அளந்துடுங்க. ஹீல் கேமோட முனையில நிக்கும்போது அளக்கணும், 0.35-ல இருந்து 0.40 மி.மீ. அதுக்கப்புறம் டைமிங் பாருங்க: இடைவெளி கூடினா பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னாடி போகும். கேம்ல துளி கிரீஸ் தடவுங்க, அதிகமானா பாயின்ட்ல தெறிக்கும். பழைய காயில் மேல தப்பே இல்ல, ஸ்பேரா வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. புதுக் காயில்ல பிளஸ், மைனஸ்னு போட்டிருந்தா உங்க வண்டிக்குப் பிளஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகணும். மாத்தி இருந்தாலும் ஓடும், ஆனா பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்பட்டு, பிளக் தேய்ஞ்சதும் மிஸ் அடிக்கும். நீங்க எப்படிக் கொடுத்திருக்கீங்க?

கருப்புஆயில்:
நாலுசக்கரம், காயில் வயரைப் பார்த்துட்டு ஒரு வரி எழுதுங்க.