கொழிஞ்சாம்பாறை வீட்டுக் குழு: நட்சத்திரம் பிறப்பதை யார் பார்த்தார்கள்?

தீபா: அத்தை, சனிக்கிழமை ஸ்கூல் சயின்ஸ் கிளப்பில் நான் பேச வேண்டும். நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் தலைப்பு. வாயு மேகம் சுருங்கி, சூடாகி நட்சத்திரம் ஆகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

சாந்தி அத்தை: பார்த்திருக்கிறார்கள் கண்ணு. முதலில் இந்தப் படத்தைப் பார்.

*(படம்)*

தீபா: நட்சத்திரங்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை?

சாந்தி அத்தை: வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலும் இப்படிப்பட்ட இடங்களை வானத்தில் இருக்கும் ஓட்டை என்றே நினைத்தார். இது பர்னார்டு 68, சுமார் 500 ஒளியாண்டு தூரம். வாயுவும் தூசியும் அடர்ந்த மேகம். தூசி வெளிச்சத்தை மறைப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. உள்ளே சுமார் மைனஸ் 263 டிகிரி குளிர். குளிராக இருந்தால்தான் வாயுவின் அழுத்தம் குறைந்து, மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்க முடியும்.

பெரியப்பா: அவ்வளவு இருட்டான இடத்தில் எதைப் பார்ப்பது?

சாந்தி அத்தை: வெப்பத்தை, அண்ணா. இஸ்திரிப் பெட்டி ஒளி விடுவதில்லை, ஆனால் பக்கத்தில் கை கொண்டுபோனால் சூடு தெரிகிறது அல்லவா? அது அகச்சிவப்புக் கதிர். மேகத்தின் நடுவில் வாயு குவிந்து கரு விண்மீன், அதாவது இன்னும் முழுதாகப் பிறக்காத நட்சத்திரம், உருவாகும்போது சுற்றியுள்ள தூசி சூடாகிறது. அந்தச் சூடு அகச்சிவப்பாக வெளியே வருகிறது. அதன் அலைநீளம் தூசித் துகளைவிடப் பெரியது, அதனால் பெருமளவு தப்பித்து வந்துவிடும்.

சாந்தி அத்தை: தீபா, இதைக் கட்டாயம் சொல். 1800-இல் முப்பட்டகத்தையும் வெப்பமானியையும் வைத்து அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவரும் அதே ஹெர்ஷல்தான். அவர் ஓட்டை என்று நினைத்த இடங்களுக்குள் பார்க்க, அவர் கண்டுபிடித்த கதிரே உதவுகிறது. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

பெரியப்பா: சரி, நம் ஊரிலிருந்து பார்க்க முடியாதா?

சாந்தி அத்தை: காற்றில் இருக்கும் நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவதோ ஈரக்காற்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஹைதராபாத்திலிருந்து பலூனில் 1 மீட்டர் தொலைநோக்கியை 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களை ஆராய்ந்தார்கள்.

தீபா: அப்படியானால் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி?

சாந்தி அத்தை: அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. தொலைநோக்கியே சூடாக இருந்தால் அதன் சூடும் படத்தில் விழும். அதனால் அதிலுள்ள ஒரு கருவியை மைனஸ் 266 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். ஆனால் கரு இன்னும் உருவாகாத, மிகக் குளிர்ந்த மேகத்தின் ஒளிர்வு அதற்கும் எட்டாது. அலைநீளம் அவ்வளவு நீளம். 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கி அதைப் பார்த்தது. அதைக் குளிர்வித்த ஹீலியம் தீர்ந்ததும் அதன் வேலையும் முடிந்தது.

தீபா: வெப் எதைத்தான் பார்த்தது?

சாந்தி அத்தை: 2022-இல் எல்1527 படம் வந்தது. சுமார் 1 லட்சம் வயதுக் கரு விண்மீன். நம் சூரியனுக்கு 460 கோடி வயது. நட்சத்திரத்தை எரிய வைக்கும் ஹைட்ரஜன் இணைவு அந்தக் கரு விண்மீனுக்குள் இன்னும் தொடங்கவில்லை, சுருங்குவதால் வரும் சூடு மட்டும்தான். அப்புறம் 2025-இல் ஹாப்ஸ் 315 என்ற இன்னொரு கரு விண்மீன். ஓரியன் பகுதியில் 1300 ஒளியாண்டு தூரத்தில், சூடான வாயு குளிர்ந்து முதல் கனிமத் துகள்களாக உறையத் தொடங்குவதை வெப்பும், சிலி நாட்டிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியும் சேர்ந்து கண்டன. கோள்களுக்கான பாறையின் ஆரம்பமே அதுதான்.

தீபா: அத்தை, பத்து நிமிடம்தான் தருவார்கள்.

சாந்தி அத்தை: அப்படியென்றால் பலூனை விட்டுவிடு. ஹெர்ஷலையும் ஹாப்ஸையும் விடாதே.

பெரியப்பா: வாயனசாலையில், அதாவது நம் ஊர் நூலகத்தில், புரொஜெக்டர் இருக்கிறது. செயலாளரிடம் கேட்டு வெள்ளிக்கிழமை மாலையே வாங்கி வைக்கிறேன். படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடு.