முன் சக்கர பேரிங் ஒரு வருடத்தில் இரண்டு முறை போய்விட்டது, எங்கே தப்பு?

வண்டி 2004 மாடல் ஸ்ப்ளெண்டர், அப்பா ஓட்டியது, முன்னாலும் டிரம் பிரேக்தான். நாற்பதைத் தாண்டினால் முன் சக்கரத்தில் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல். டபுள் ஸ்டாண்டு போட்டு என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, ஃபோர்க்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் கரகரப்பு உள்ளங்கைக்கே தெரிகிறது. டயரைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆட்டமும் இருக்கிறது. போன ஆடியில் மாற்றியது தையிலேயே போய், மறுபடி மாற்றி, இப்போது திரும்பவும் அதே சத்தம். நல்ல கம்பெனி பேரிங்தான், டப்பாவை நானே பிரித்துக் கொடுத்தேன். மெக்கானிக் "ஹப்பே போச்சு, வீலை மாத்துங்க" என்கிறார் (ஹப் என்றால் பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம்). மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பட்டறைக்காரன்:
அவசரப்படாதீர்கள் தம்பி. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஆக்சிலை, அதாவது சக்கர அச்சைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய் இருக்கும், அதுதான் ஸ்பேசர். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அந்த இறுக்கத்தை பேரிங்குகளின் உள்வளையம் வழியாக அந்தக் குழாய்தான் தாங்க வேண்டும். அது இல்லையென்றாலோ கொஞ்சம் குட்டையாகிவிட்டாலோ, நட்டு இறுக இறுக உள்வளையங்கள் இரண்டும் உள்ளே இழுபடும், குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும், புது பேரிங் என்ன செய்யும் பாவம். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

அப்புறம் அடிக்கும் விதம். ஹப்புக்குள் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம், அதனால் அதன் மேல்தான் அடி விழ வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் போட்டால் அந்த அடி முழுக்க குண்டு வழியாகத்தான் போகும், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். பழைய பேரிங்கையே மேலே வைத்து அடிக்கலாம், அல்லது சரியான அளவு சாக்கெட். ஒரு பக்கத்தை அடிவரை இறக்கிவிட்டு, ஸ்பேசரைப் போட்டு, அடுத்த பக்கம் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

பழைய டூ வீலர்:
பட்டறைக்காரன் சொன்னது சரி, ஆனால் அடிக்கவே தேவையில்லாமல் செய்யலாம். பேரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள் (பாலித்தீனில் சுற்றி, இல்லையென்றால் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்), மறுநாள் ஹப்பைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றிச் சூடாக்குங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ரெண்டு தட்டில் உட்கார்ந்துவிடும். நான் ஒருமுறை சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் சக்கரத்தைப் போட்டே வேலையை முடித்தேன்.

வாங்கும்போது 6301 2ஆர்எஸ் கேளுங்கள். 12 உள்ளே, 37 வெளியே, அகலம் 12 மில்லி, இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் தகர மூடி, வாட்டர் வாஷ் தண்ணீருக்கு அது தாங்காது. பக்கத்தில் இருக்கும் டஸ்ட் சீலும் புதிதாகப் போடுங்கள், பைசா கணக்குப் பார்க்காமல்.

ஹப் சந்தேகமா? புது பேரிங் கை அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால்தான் ஹப் போனது.

கேள்வி கேட்டவர்:
ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். ஸ்பேசர் இருந்தது. ஆனால் ஒரு முனை காளான் மாதிரி விரிந்திருந்தது, இன்னொரு முனையில் கிரைண்டரில் தேய்த்த கோடுகள். கம்பியை வைத்து அடித்துப் பிசிறு கிளம்பியிருக்கும், அதை யாரோ தேய்த்தே விட்டிருக்கிறார்கள். புது ஸ்பேசரைப் பக்கத்தில் நிறுத்தினால் பழையது நகக்கனம் குட்டை! புது பேரிங் கையால் அழுத்தினால் அசையவில்லை, ஹப் தப்பித்தது. ஃப்ரீசர் வித்தையும் வேலை செய்தது, அம்மாவிடம் திட்டும் கிடைத்தது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, சத்தம் இல்லை.

ஒன்றே ஒன்று, ஸ்பீடோமீட்டர் முள் அசையவே மாட்டேன் என்கிறது. கேபிளை மாட்டித்தான் இருக்கிறேன்.

பட்டறைக்காரன்:
பிரேக் பிளேட்டுக்குள் ஸ்பீடோ கியரை ஓட்டும் தகட்டுக்கு இரண்டு காது உண்டு, அவை ஹப்பில் உள்ள பள்ளத்தில் விழாமலே நட்டை முறுக்கியிருப்பீர்கள். மறுபடி கழற்றுங்கள். காது வளைந்திருந்தால் நிமிர்த்திப் போடாதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள்.