பெரிய வீடு குழு: சனிக்கிழமை, ஐந்து பீர்

கதிர்: ஐந்தும் உடையாமல் வந்து சேர்ந்தன. ஒரு பில்ஸ்னர், ஒரு கோதுமை பீர், இரண்டு ஐபிஏ (கசப்பு தூக்கலான பீர்), ஒரு இம்பீரியல் ஸ்டவுட் (கருப்பான ஸ்ட்ராங் பீர்). எல்லாமே சின்ன ப்ரூவரி சரக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வருகிறீர்களா?

குமார் மாமா: வந்தேன்.

பிரியா: நானும். ஆனால் திரும்பும்போது வண்டி ஓட்டுவது நான். மோந்து மட்டும் பார்ப்பேன்.

சித்தப்பா: இந்தச் சனி முடியாது. அடுத்த மாதம் வையுங்கள். பாட்டில் எங்கே ஓடிவிடப் போகிறது?

செந்தில்: பாட்டில் ஓடாது சித்தப்பா, வாசம் ஓடிவிடும். ஐபிஏவுக்கு உயிரே ஹாப்ஸ் பூவின் வாசம்தான். கேனில் அடைத்த நாளிலிருந்தே அது குறைய ஆரம்பிக்கும். சில மாதம் விட்டால் பழ வாசம் மங்கி, கசப்பும் ஒரு தித்திப்பும்தான் மிஞ்சும். வெளியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கதிர், கேனின் அடியில் தேதி அச்சிட்டிருக்கும், பார்த்துச் சொல். ஃபிரிட்ஜில்தானே வைத்திருக்கிறாய்?

கதிர்: ஃபிரிட்ஜில்தான் அண்ணா. ஒன்று அடைத்து ஐந்து வாரம். இன்னொன்றில் ஈரக் கை பட்டு மை கரைந்துவிட்டது. மாதம் தெரிகிறது, நாள் தெரியவில்லை.

செந்தில்: இரண்டையும் இந்தச் சனி திறந்தே ஆக வேண்டும். ஸ்டவுட் எத்தனை சதவீதம்?

கதிர்: 11.

செந்தில்: அது காத்திருக்கும். அவ்வளவு ஆல்கஹாலும் வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) சேர்ந்தால் வருடக்கணக்கில் வைக்கலாம், கரடுமுரடு போய் மெத்தென்று ஆகும். அதைச் சித்தப்பாவுக்கென்று எடுத்து வைப்போம்.

சித்தப்பா: அதாவது, நான் இல்லாமல் நான்கையும் முடித்துவிடுவீர்கள்.

மாலா அக்கா: சித்தப்பா, யாரும் அப்படிச் சொல்லவில்லை.

குமார் மாமா: ஐஸ் பெட்டி வேண்டுமே. சித்தப்பா வீட்டில் ஒன்று இருந்ததே?

சித்தப்பா: இருந்தது. வீடு மாறிய அன்று நீங்கள் எடுத்துப் போனீர்கள். அதோடு சரி.

குமார் மாமா: நான் திருப்பித் தந்தாயிற்று. மாலாவைக் கேளுங்கள்.

மாலா அக்கா: என்னை இழுக்காதீர்கள்.

பிரியா: கோதுமை பீர் லேபிளில் வாழைப்பழம், கிராம்பு என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் போட்டா காய்ச்சுகிறார்கள்?

செந்தில்: ஒன்றும் போடுவதில்லை பிரியா. அது முழுக்க ஈஸ்ட் செய்யும் வேலை. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது வாழைப்பழத்தில் இருக்கும் அதே வாசப்பொருள் உண்டாகிறது, கூடவே கிராம்பு வாசமும். பாட்டிலை நிறுத்தியே வை கதிர். முக்கால்வாசி ஊற்றியதும் மிச்சத்தை லேசாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டோடு ஊற்ற வேண்டும். கலங்கலாக இருப்பதுதான் அதற்கு அழகு.

குமார் மாமா: தண்ணீர், பார்லி, ஹாப்ஸ், இந்த மூன்றைத் தவிர எதுவும் கூடாது என்று ஜெர்மனியில் சட்டம் இருந்ததே மாப்பிள்ளை? அப்புறம் கோதுமை எப்படி?

செந்தில்: சரியாகக் கேட்டீர்கள் மாமா. பவேரியாவில் 1516இல் போட்ட சட்டம் அது. ஈஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை. கோதுமை பீரை மட்டும் தனி உரிமை பெற்றவர்கள் காய்ச்சினார்கள், பிறகு அந்த உரிமையை அரச குடும்பமே வைத்துக்கொண்டது.

மாலா அக்கா: சட்டம் இருக்கட்டும். அப்பா குடித்த பீரில் ஒரு நெடி வருமே, அது இதிலும் வருமா? எனக்கு அதை நினைத்தாலே குமட்டும்.

செந்தில்: வராது அக்கா. அப்பா பாட்டிலை எங்கே வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் திண்டில். பச்சை பாட்டில், மேலே நேர் வெயில். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்துவிடும், அதிலிருந்து கந்தக நெடி கிளம்பும். நல்ல வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுத்துவிடும், பச்சையால் முடியாது. கேனில் அந்தப் பயமே இல்லை.

மாலா அக்கா: பீர் என்றாலே அந்த வாசம்தான் என்று கடைசிவரை நினைத்திருந்தார்.

சித்தப்பா: திண்டில் வைக்காதே என்று நான் சொல்லியிருக்கிறேன். அண்ணன் கேட்டால்தானே.

கதிர்: எதை முதலில் திறப்பது அண்ணா?

செந்தில்: பில்ஸ்னர். 1842இல், இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரத்தில் பிறந்த வகை. வெளிர் மால்ட், மென்மையான தண்ணீர், குளிரில் மெதுவாக நொதிக்கும் ஈஸ்ட். சின்னத் தப்பு நடந்தாலும் ஒளிக்க இடமில்லை, அதனால் ஒரு ப்ரூவரியின் கைப்பக்குவத்தை அதில்தான் நான் பார்ப்பேன். அடுத்து கோதுமை. ஐபிஏ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். கசப்பில் நாக்கு மரத்துப் போகும், அதனால் அவை முன்னால் வரவே கூடாது. ஆளுக்கு 100 மில்லி போதும். கிளாஸை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவு, இல்லாவிட்டால் நுரை நிற்காது.

பிரியா: எண்ணெய்ப் பிசுக்கா!

குமார் மாமா: 100 மில்லி வாய் நனையவே காணாது.

மாலா அக்கா: உங்களுக்கு 100 போதும்.

மாலா அக்கா: ஐஸ் பெட்டி பரணில் இருக்கிறது. இப்போதுதான் ஏறிப் பார்த்தேன். மூடி இல்லை.

குமார் மாமா: நான் சொன்னேன் அல்லவா.

சித்தப்பா: மூடி இங்கே இருக்கிறது.

கதிர்: சித்தப்பா, சனிக்கிழமை அதைக் கொண்டு வருகிறீர்களா?

சித்தப்பா: பார்க்கிறேன். வந்தாலும் அரை மணி நேரம்தான்.

கதிர்: அப்படியானால் ஸ்டவுட்டையும் திறக்கலாமா?

செந்தில்: ஃபிரிட்ஜிலிருந்து முக்கால் மணி நேரம் முன்பே எடுத்து வை. சில்லென்று குடித்தால் காபி, சாக்லேட் வாசம் எதுவும் எழாது. திறப்பதைச் சித்தப்பா வந்ததும் முடிவு செய்வோம்.

பிரியா: ஆறு மணியா, ஏழு மணியா?