போலோல ஆண்ட்ராய்டு செட் மாட்டுனதுல இருந்து பேட்டரி டவுன், எஃப்எம்மும் எடுக்கல

உடுமலைக்காரன்:

வணக்கங்க எல்லாருக்கும். வண்டி 2013 ஃபோக்ஸ்வேகன் போலோ டீசல், செகண்ட்ஸ்ல எடுத்தது. மேப் பாக்கவும் ரிவர்ஸ் கேமராவுக்கும் ஆசைப்பட்டு போன மாசம் கம்பெனி ஸ்டீரியோவ கழட்டிட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் ஒண்ணு மாட்டினேன், லோக்கல்லயே ஒரு அக்சஸரீஸ் கடைல. படம், பாட்டு, கேமரா எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அதுல குறை சொல்றதுக்கில்ல. ஆனா ரெண்டு நாள் வண்டிய எடுக்காம விட்டா அடுத்த நாள் காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, பக்கத்து வீட்டு வண்டில ஜம்ப் போட்டுத்தான் கிளப்பறேன். பேட்டரி போன தீபாவளிக்கு வாங்குனது, கொண்டு போய் டெஸ்ட் பண்ணியும் பாத்தாச்சு, பேட்டரில ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

சாவிய உருவினாலும் செட் ஆஃப் ஆகறதில்லைங்க, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. கடைல கேட்டா இந்த வண்டிக்கு அப்படித்தான், எறங்கும்போது பவர் பட்டன அமுக்கிட்டு எறங்குங்கங்கறாங்க. அப்புறம் எஃப்எம். பழைய செட்டுல பழனி ரோட்டுல போறப்ப கோடை எஃப்எம் 100.5 அவ்வளவு சுத்தமா கேக்கும், இப்ப கொர்ர்ருனு இரைச்சல். கோயமுத்தூர் ஸ்டேஷன் எதாச்சும் வேணும்னா பொள்ளாச்சி தாண்டிப் போகணும். மேல ஏரியல்ல யாரும் கை வெக்கல, அப்படியேதான் இருக்கு. ஸ்டீயரிங் பட்டனும் வேலை செய்யல, அது கூட போகுது விடுங்க. வீட்ல பழசையே மாட்டித் தொலைங்கன்னு ஒரே திட்டு. என்ன பண்ணலாம்?

ஒயர்மேன்:

சாவிய உருவினாலும் ஓடுதுன்னு சொன்னீங்க பாருங்க, பதில் அதுலயே இருக்கு.

வெளில வாங்கி மாட்டற எந்த ஸ்டீரியோவா இருந்தாலும் பின்னாடி மஞ்சள், சிவப்பு, கருப்புன்னு மூணு ஒயர் வரும். மஞ்சள் பேட்டரில இருந்து நேரா வர்ற 12 வோல்ட், எப்பவும் இருக்கணும், ஸ்டேஷன் மெமரி செட்டிங்ஸ் எல்லாம் அதுலதான் நிக்குது. சிவப்பு ஏசிசி, சாவி போட்டா வரணும் எடுத்தா போகணும். கருப்பு எர்த். மாருதி, ஹூண்டாய்ல கம்பெனி கப்ளர்லயே ஏசிசி தனி ஒயரா வந்துடும், அதனால கண்ண மூடிட்டு மாட்டுவாங்க. ஃபோக்ஸ்வேகன்ல கதை வேற, குவாட்லாக்னு சொல்ற அந்த கம்பெனி ரேடியோ கப்ளர்ல ஏசிசின்னு ஒரு ஒயரே கிடையாது. சாவி போட்டாச்சு எடுத்தாச்சுங்கற தகவல் கேன் பஸ்ஸுல, அதாவது வண்டி மாட்யூல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற லைன்ல, டேட்டாவா வருது, கம்பெனி செட்டுக்கு அது புரியும், வெளி செட்டுக்குப் புரியாது. மாட்டுனவர் சிவப்புக்கு ஜோடி தேடியிருப்பார், இல்லைன்னதும் சிவப்பையும் மஞ்சளையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தி விட்டிருப்பார். உங்க செட் 24 மணி நேரமும் வண்டி ஓடுதுன்னே நினைச்சிட்டு இருக்கு. பவர் பட்டன் அமுக்கினா ஸ்க்ரீன்தான் அணையும், உள்ள பிராசசர் தூங்காது. சும்மா 1 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க, 50 ஏஹெச் பேட்டரி ரெண்டு நாள்ல காலி, டீசல் வண்டிக்கு செல்ஃப் எடுக்க பேட்டரி நல்லா நிறைஞ்சு வேற இருக்கணும்.

நான் சொல்றத நம்ப வேணாம், அளந்து பாத்துக்குங்க. மல்டிமீட்டர 10 ஆம்பியர்ல வெச்சு, சிவப்பு புரோப மீட்டர்ல 10 ஏ ஓட்டைக்கு மாத்திட்டு, பேட்டரி நெகட்டிவ் கழட்டி டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல மீட்டர் வெக்கணும். பானெட்ட திறந்து வெச்சுட்டு கதவெல்லாம் லாக் பண்ணிட்டு ஒரு அரை மணி நேரம் விடுங்க, வண்டில இருக்கற மாட்யூல் எல்லாம் ஒவ்வொண்ணா தூங்கணும். அப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா நார்மல். அதுக்கு மேல நின்னா ஸ்டீரியோ ஃப்யூஸ உருவிப் பாருங்க, பட்டுனு எறங்குனா ஆள் அவர்தான். மீட்டர் நடுவுல இருக்கும்போது மட்டும் மறந்தும் சாவி போட்றாதீங்க, மீட்டருக்குள்ள இருக்கற ஃப்யூஸ் போயிடும்.

எஃப்எம் மேட்டர் இன்னும் சிம்பிள். மேல இருக்கற ஏரியலோட அடில ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கு, அதுக்கு 12 வோல்ட் வேணும், கம்பெனி செட் அத ஏரியல் கேபிள் வழியாவே மேல அனுப்பும். வெளி செட் அனுப்பாது. ஆம்ப்ளிஃபையர் செத்துக் கிடக்கறப்ப வெறும் கம்பி இருக்கறதுக்கு எவ்வளவு எடுக்குமோ அவ்வளவுதான் எடுக்கும், சில சமயம் அதுவும் எடுக்காது. ஃபேக்ரா (கம்பெனி ஏரியல் கேபிள் முனைல இருக்கற பிளக்) ஆன்டெனா அடாப்டர், பவர் ஒயரோட வர்றதுன்னு கேட்டு வாங்குங்க. அதுல தொங்கற ஒத்த நீல ஒயர செட்டோட ஆன்டெனா நீல ஒயர்ல சேத்தா முடிஞ்சுது. ஒயர் இல்லாத அடாப்டர் பாக்க அச்சு அசல் அப்படியே இருக்கும், கடைல அதத்தான் மொதல்ல எடுத்து நீட்டுவாங்க.

பழைய ஜென்:

ஒயர்மேன் சொன்னதெல்லாம் சரி. ஆனா நான் வேற கேள்வி கேக்கறேன், ஓடிட்டு இருந்த கம்பெனி செட்ட எதுக்குய்யா கழட்டணும்? மேப் வேணுமா, 300 ரூபாக்கு ஒரு ஹோல்டர் வாங்கி செல்போன மாட்டு. பாட்டு வேணுமா, ஆக்ஸ்ல ஒரு புளூடூத் டாங்கிள் சொருகு. இந்த 9 இஞ்ச் செட்ட எல்லாம் நானும் பாத்துட்டேன், 4 ஜிபி ரேம்னு செட்டிங்ஸ்ல காட்டும், செக் பண்ற ஆப்ப போட்டுப் பாத்தா 2 ஜிபி கூட இருக்காது, ஆண்ட்ராய்டு வெர்ஷன் நம்பரையும் புதுசு மாதிரி மாத்தி எழுதி வெச்சிருப்பானுங்க. டப்பால 50 வாட்ஸ் இன்டு 4னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்கற நிஜ பவர், பாத்தா 20 சொச்சத்த தாண்டாது, அதுவும் நல்ல பிராண்டா இருந்தா. வெயில்ல நிறுத்துன வண்டிய எடுத்தா ஸ்க்ரீன் டச் வேலை செய்ய அஞ்சு நிமிஷம் பிடிக்கும். சத்தம் நல்லா வேணும்னா அந்தக் காச ஸ்பீக்கர்ல போட்டிருக்கலாம், கம்பெனி பேப்பர் கோன் ஸ்பீக்கர தூக்கிட்டு முன் கதவுக்கு மட்டும் ஒரு ஜோடி நல்ல கோயாக்சியல் (ட்வீட்டரும் சேந்தே வர்ற ஸ்பீக்கர்) போட்டாலே வித்தியாசம் தெரியும், செட்டத் தொடவே வேணாம்.

ஜிபி ரோடு ரசிகன்:

பழைய ஜென் அண்ணே, ரிவர்ஸ் கேமரா ஹோல்டர்ல வராதே :) மாட்டியாச்சு, இனி அத ஒழுங்கா ஓட வெக்கறதப் பேசுவோம். ஆனா ஸ்பீக்கர் விஷயத்துல உங்க கட்சிதான் நான்.

உடுமலை நண்பரே, போலோவுக்குன்னே கேன் பஸ் பாக்ஸோட ரெடிமேட் ஒயரிங் கிட் வருது. ஒரு பக்கம் குவாட்லாக், இன்னொரு பக்கம் ஆண்ட்ராய்டு செட்டோட கப்ளர், நடுவுல தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசா ஒரு கருப்பு டப்பா. அந்த டப்பாதான் வண்டி பேசறத செட்டுக்கு மொழிபெயர்க்குது, ஏசிசி, லைட் போட்டா ஸ்க்ரீன் மங்கறது, ரிவர்ஸ் சிக்னல், நீங்க போகுது விடுங்கன்னு சொன்ன ஸ்டீயரிங் பட்டன், எல்லாம் அது வழியாவே வந்துடும். செட் விலையோட பாத்தா இது சில்லறை. சென்னை பக்கம் வந்தா ஜிபி ரோட்ல விசாரிங்க, இல்ல ஆன்லைன்ல வண்டி மாடலும் வருஷமும் போட்டுத் தேடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க செட்டோட பின்பக்கத்த போட்டோ எடுத்து கப்ளர் பின் எண்ணிக்கை ஒத்துப் போகுதான்னு பாத்துக்குங்க, 16 பின்னும் உண்டு 20 பின்னும் உண்டு.

எல்லாத்தையும்விட முக்கியம், கம்பெனி கப்ளர வெட்டியிருக்காங்களான்னு மொதல்ல பாருங்க. வெட்டலன்னா நீங்க தப்பிச்சீங்க. வெட்டியிருந்தா இங்க கலர பாத்து சேக்க முடியாது, வண்டியோட ஒயர் கலரும் செட்டோட ஒயர் கலரும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. செட் பக்கம் மட்டும்தான் பொது கணக்கு: வெள்ளை முன் லெஃப்ட், சாம்பல் முன் ரைட், பச்சை பின் லெஃப்ட், ஊதா பின் ரைட், கருப்பு கோடு போட்டது அதோட நெகட்டிவ்.

உடுமலைக்காரன்:

ஒயர்மேன் அண்ணா, மீட்டர் வெச்சு பாத்தேங்க. லாக் பண்ணி அரை மணி நேரம் கழிச்சும் 1.2 ஆம்பியர்ல நிக்குது, ஸ்டீரியோ ஃப்யூஸ உருவுனதும் 0.02. கையும் களவுமா பிடிச்சாச்சு! செட்ட வெளிய இழுத்தும் பாத்தேன். கப்ளர வெட்டல, கடவுள் புண்ணியம், ஆனா அடாப்டர் ஒயர்ல நீங்க சொன்ன மாதிரியே சிவப்பும் மஞ்சளும் ஒண்ணா முறுக்கி மேல டேப். வெயில்ல டேப்போட பசை உருகி கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. இன்னொரு பச்சை ஒயர் ஒண்ணு, பிரேக்குன்னு எழுதியிருக்கு, அத எர்த்தோட சேத்து வெச்சிருக்காங்க, அது என்னங்க? கிட் ஆர்டர் போட்டாச்சு, வர ஒரு வாரம் ஆகும்போல, அதுவரைக்கும் வண்டி எடுக்கணுமே, தற்காலிகமா என்ன பண்ணட்டும்?

ஒயர்மேன்:

தற்காலிகத்துக்கு ஃப்யூஸ் டேப்னு ஒண்ணு எலக்ட்ரிக்கல் கடைல கிடைக்கும், ஏற்கனவே இருக்கற ஃப்யூஸ் ஓட்டைலயே சொருகி அதுல இருந்து தனியா ஒரு லைன் எடுத்துக்கறது. மீட்டர வோல்ட்ல வெச்சு ஃப்யூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா 12 வந்து எடுத்தா 0 ஆகற ஒரு ஃப்யூஸ தேடுங்க. ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸ் பக்கம் மட்டும் போகவே கூடாது. முறுக்கி வெச்சிருக்கறத பிரிச்சு சிவப்ப மட்டும் இதுல கொடுங்க, 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், லோடு பூரா மஞ்சள்லதான் போகும், சிவப்பு வெறும் சிக்னல். மஞ்சள் இருந்த எடத்துலயே இருக்கட்டும். ரெண்டையும் தனித்தனியா இன்சுலேஷன் டேப் சுத்துங்க, முடிஞ்சா ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒயர இறுக்கிப் பிடிக்கற குழாய்) போடுங்க, டேஷ்போர்டு சூட்டுக்கு டேப் நிக்காது, அதான் நீங்களே பாத்தீங்களே.

பச்சை ஒயர் ஹேண்ட்பிரேக் ஸ்விட்சுக்குப் போக வேண்டியது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாதான் வீடியோ ஓடணும்னு வெச்சிருக்கற பூட்டு அது. எர்த்துல சேத்தா எப்பவும் ஹேண்ட்பிரேக் போட்டிருக்குன்னு செட் நினைச்சுக்கும், ஓட்டிட்டே படம் பாக்கலாம். எல்லா கடைலயும் கேக்காமலே இத பண்ணிக் கொடுத்துடறாங்க. நான்னா மொதல்ல அத பிரிச்சு விட்டுடுவேன், மேப்புக்கும் கேமராவுக்கும் அதனால ஒண்ணும் ஆகாது.

வடமராட்சியான்:

இடையில வாறதுக்கு குறை நினைக்காதேங்கோ. நான் யாழ்ப்பாணம். என்ர வாகனம் ஜப்பானில இருந்து இறக்கின டொயோட்டா விட்ஸ். அதிண்ட றேடியோ 76ல தொடங்கி 90ஓட நிண்டிடும், இஞ்ச ஸ்டேஷனெல்லாம் 88க்கும் 108க்கும் இடையில. பாண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு ஒண்டு பூட்டித் தந்தவை, இப்ப நம்பர் எல்லாம் மாறிக் காட்டுது, சில இடத்தில ரெண்டு ஸ்டேஷன் ஒண்டுக்கு மேல ஒண்டு கேக்குது. மெனுவும் முழுக்க ஜப்பான் பாஷை. முழு செட்டையும் மாத்தத்தான் வேணுமோ? உங்கட கதைய வாசிச்சாப் பிறகு பயமாக் கிடக்கு.

ஜிபி ரோடு ரசிகன்:

வாங்க வாங்க. எக்ஸ்பாண்டர் பண்றது மேல இருக்கற ஸ்டேஷன கீழ தள்ளிக் கொண்டு வர்றது. உங்க ரேடியோல இருக்கற எடம் 14 மெகாஹெர்ட்ஸ், உங்க ஊர் பாண்ட் 20 மெகாஹெர்ட்ஸ். முழுசா எப்படியும் அடங்காது, ஒரு ஓரம் காணாம போகும். கீழ தள்ளி வந்த ஸ்டேஷனும் 88-90ல நேராவே எடுக்கற ஸ்டேஷனும் ஒண்ணு மேல ஒண்ணு விழவும் செய்யும். மாத்தறதுதான் சரி.

பயப்படாதீங்க, போலோ அளவுக்கு தலைவலி இல்ல. டொயோட்டால ஏசிசி தனி ஒயராவே வருது, 10 பின் ஒண்ணு 6 பின் ஒண்ணுன்னு ரெண்டு கப்ளர், ரெடிமேட் அடாப்டர் எங்க கேட்டாலும் கிடைக்கும், ஒத்த ஒயர் வெட்டத் தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு கவனிங்க, சாதாரண டபுள் டின் (ரெண்டு மடங்கு உயர ஸ்டீரியோ சைஸ்) 180 மில்லிமீட்டர் அகலம், டொயோட்டா டேஷ்போர்டு ஓட்டை 200. சின்னத வாங்குனா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் சந்து தெரியும், அதுக்கு சைடு பீஸ் தனியா வாங்கணும், இல்ல 200 மில்லிமீட்டர் செட்டாவே கேளுங்க. வாங்கற செட்டுல ரேடியோ ரீஜியன் மாத்தற ஆப்ஷன் இருக்கான்னு கடைலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க.

வடமராட்சியான்:

நல்லது, மெத்தப் பெரிய உபகாரம். 200 மில்லிமீட்டர் கதை இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்ல.

உடுமலைக்காரன்:

ஃப்யூஸ் டேப் போட்டேன், சாவி எடுத்ததும் செட் சமத்தா அணையுது. கிட்டும் வந்துருச்சு, ஆன்டெனா அடாப்டரும் பவர் ஒயரோடதான் வந்திருக்கு. அடாப்டர மாட்டி நீல ஒயர சேத்ததும் வாசல்ல நின்னுட்டே கோடை எஃப்எம் எடுத்துருச்சுங்க. ஒயரிங் கிட்டையும் மாட்டிட்டு ஃப்யூஸ் டேப்ப எடுத்துட்டேன், ஏசிசியும் வருது. ஆனா ஸ்டீயரிங்ல வால்யூம் கூட்டுனா பாட்டு மாறுது, இன்னொரு பட்டன் ஒண்ணுமே பண்ணல. பாக்ஸ் ஃபால்ட்டா?

ஒயர்மேன்:

பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும். செட்டுல ஃபேக்டரி செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கும், பாஸ்வேர்டு கேக்கும், செட் வித்தவங்கள்ட்ட கேட்டு வாங்குங்க. உள்ள கேன்பஸ் டைப்னு ஒரு லிஸ்ட், மொதல்ல பாக்ஸ் செஞ்ச கம்பெனி பேர், அப்புறம் ஃபோக்ஸ்வேகன், அப்புறம் மாடல். பாக்ஸ் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல பேர் இருக்கும், அதே பேர தேர்ந்தெடுத்து செட்ட ரீஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப வேற ஏதோ வண்டிக்கு செட் ஆகியிருக்கும். மத்த செட்டிங் எதையும் மாத்தாதீங்க, முன்னாடி இருக்கறத ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

அது முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவ மீட்டர் வெச்சு பாத்துருங்க, சில கேன் பாக்ஸே தூங்காம கரண்ட் இழுக்கும். அப்புறம் அந்தப் பழைய செட்ட எடைக்குப் போட்டுறாதீங்க. வண்டிய விக்கறப்ப கேப்பாங்க, திருப்பி மாட்டும்போது சேஃப்னு காட்டி 4 நம்பர் கோடு கேட்டாலும் கேக்கும். கோடு கார்டு வண்டி புக்குக்குள்ள இருக்கான்னு இப்பவே தேடி வெச்சுக்குங்க.

உடுமலைக்காரன்:

டைப் மாத்துனதும் பட்டன் எல்லாம் சரியாயிடுச்சு. மீட்டர் 0.03. கோடு கார்டத்தான் காணோம், வண்டி குடுத்தவர்ட்ட போன் போட்டுக் கேட்டிருக்கேன்.