கம்போரோ தடுப்பு மருந்து இரண்டு முறை கொடுத்தும் குஞ்சுகள் செத்தன: இந்த எலைசா அறிக்கையை எப்படிப் படிப்பது?

மோகனூர்க் கொட்டகை:
வணக்கம். 5,000 முட்டைக்கோழிக் குஞ்சுகள் இறக்கினேன். 7ஆம் நாள் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து). 14ஆம் நாளும் 24ஆம் நாளும் கம்போரோவுக்கு (குஞ்சுகளின் பர்சா உறுப்பைத் தாக்கும் தொற்றுநோய்) இன்டர்மீடியட், அதாவது நடுத்தர வீரியமுள்ள, மருந்து குடிநீரில். 26ஆம் நாள் காலையில் பார்த்தால் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குவிந்து கிடக்கின்றன. வெள்ளையாக நீர்த்த கழிச்சல். சில குஞ்சுகள் தம் ஆசனவாயைத் தாமே கொத்திக்கொண்டிருந்தன. ஐந்து நாளில் 260 போய்விட்டன. ஆறாம் நாள் சாவு தானாகவே குறைந்துவிட்டது.

31ஆம் நாள் 12 குஞ்சுகளின் இரத்தம் எடுத்து எலைசா (கம்போரோ எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை) பார்த்தேன். சராசரி டைட்டர் (எதிர்ப்பொருளின் அளவு) 1,167, சி.வி. (குஞ்சுக்குக் குஞ்சு எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பது) 172 சதவீதம். மருந்து விற்றவர், "டைட்டர் இருக்கிறதே, மருந்து வேலை செய்திருக்கிறது, இது வேறு நோய்" என்கிறார். மருந்துதான் கெட்டுப்போயிருந்தது என்பது என் சந்தேகம். யார் சொல்வது சரி?

ஆய்வகத் தம்பி:
அண்ணா, சராசரியை மறந்துவிட்டு 12 எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். குஞ்சுகளை எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மோகனூர்க் கொட்டகை:
ஐந்து குஞ்சுகளுக்குப் பூஜ்யம். நான்கு 125ஐ ஒட்டி. மூன்று மட்டும் 4,500 அளவில். கைக்கு அகப்பட்டதைத்தான் பிடித்தேன், எல்லாம் வாசல் பக்கத்துக் குஞ்சுகள்.

ஆய்வகத் தம்பி:
கைக்கு எளிதில் அகப்படுவது சோர்ந்த குஞ்சு. அடுத்த முறை கொட்டகையின் நான்கு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் 20 குஞ்சுகள் பிடியுங்கள். இரத்தம் எடுத்ததும் குழாயைச் சாய்த்து வைத்து உறையவிட்டு, மேலே தெளியும் வைக்கோல் நிற நீரை மட்டும் பிரித்து அனுப்புங்கள். உறைந்த இரத்தத்தோடு குழாயை அப்படியே ஃபிரீசரில் போட்டுவிட்டுச் சிவப்பு நீரை எங்களிடம் கொண்டுவருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

சி.வி. 172 என்றால் அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை. நீங்கள் பிடித்த 12இல் 1,167ஐ ஒட்டிய குஞ்சு ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.

கோழி டாக்டர்:
தம்பி சொல்வது சரி. அந்த 4,500 தடுப்பு மருந்தால் வந்ததா, நோய்க் கிருமியால் வந்ததா என்று எலைசா பிரித்துச் சொல்லாது. விற்றவர் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. செத்த குஞ்சுகளை யாராவது அறுத்துப் பார்த்தார்களா? குஞ்சு இறங்கிய வாரத்தில் தாய்வழி டைட்டர் (தாய்க்கோழியிடமிருந்து குஞ்சுக்கு வந்த எதிர்ப்பொருளின் அளவு) பார்த்தீர்களா?

மோகனூர்க் கொட்டகை:
முதல் நாள் செத்ததில் இரண்டை நானே அறுத்தேன். தொடைத் தசையில் சிவப்புக் கோடுகள். ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா வீங்கி, மஞ்சளான கூழ் பூசியதுபோல் இருந்தது. மற்றவற்றைப் புதைத்துவிட்டேன். 3ஆம் நாள் 20 குஞ்சுகளுக்குப் பரிசோதனை செய்தேன் ஐயா, ஆனால் அறிக்கையைக் கோப்பில் போட்டதோடு சரி. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 15ஆவது எண் 4,000.

கோழி டாக்டர்:
விடை அந்தக் கோப்பில்தான் இருந்திருக்கிறது! அறுத்துப் பார்த்ததை வைத்தே இது கம்போரோ என்று சொல்லலாம். பர்சாவைப் பனிக்கட்டியில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோயிருந்தால் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை) செய்து எந்த வகைக் கிருமி என்பதும் தெரிந்திருக்கும். போகட்டும்.

மருந்து கொடுக்க ஏற்ற நாளைக் கணிக்க டெவென்டர் கணக்கு என்று ஒன்று உண்டு. முட்டைக்கோழிக் குஞ்சில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ ஐந்தரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும் என்று கொள்வது வழக்கம். இன்டர்மீடியட் மருந்து குஞ்சின் உடலில் பிடிக்க டைட்டர் 125க்கு இறங்க வேண்டும். 20இல் 15, அதாவது முக்கால்வாசிக் குஞ்சுகள், 4,000க்குள் அடங்குவதால் அங்கிருந்து தொடங்குவோம். 4,000 → 2,000 → 1,000 → 500 → 250 → 125, ஐந்து முறை பாதியாக வேண்டும்: இருபத்தேழரை நாள். இரத்தம் எடுத்த வயது 3 நாள், அவ்வளவு இளவயதில் எடுத்ததற்கான திருத்தம் 1 நாள் சேர்த்தால் 32ஆம் நாள் ஆகிறது. நீங்கள் 14இலும் 24இலும் கொடுத்தீர்கள். பெரும்பாலான குஞ்சுகளில் தாய் கொடுத்த எதிர்ப்பொருளே மருந்தை விழுங்கிவிட்டது. மருந்து நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம்.

வீரியமான களக் கிருமி 125 வரை காத்திருக்காது. டைட்டர் 500 அளவில் இருக்கும்போதே உள்ளே புகுந்துவிடும். உங்கள் குஞ்சுகளில் டைட்டர் மூன்று முறை பாதியாகி 500க்கு இறங்கியது 21ஆம் நாளை ஒட்டி இருந்திருக்கும். 21க்கும் 32க்கும் இடையே கதவு திறந்து கிடந்தது. இன்டர்மீடியட்டைவிட வீரியம் கூடிய இன்டர்மீடியட் பிளஸ் மருந்துக்கும் வாசல் 500தான். 21ஆம் நாள் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

பழைய பண்ணையாள்:
அப்படியானால் எல்லாரும் பிளஸ் மருந்தையே கொடுத்துவிடலாமே ஐயா? எதற்கு இந்தப் பரிசோதனைச் செலவு?

கோழி டாக்டர்:
கூடாது. டைட்டர் குறைவாக உள்ள குஞ்சுக்கு அதை முன்னதாகக் கொடுத்தால் மருந்தே பர்சாவைச் சேதப்படுத்தும். எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்கள் வளர்கிற இடம் அது. அது சுருங்கிப்போனால் அடுத்துக் கொடுக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் சரியாக ஏறாது. மோகனூர்க்காரரும் இதைக் கவனிக்க வேண்டும்: ஆர்2பி ஊசிக்கு (வெள்ளைக்கழிச்சலுக்குப் போடும் தடுப்பூசி) முன் எச்.ஐ. பரிசோதனை (அந்த நோய்க்கான எதிர்ப்பொருளை அளப்பது) செய்து, அதைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

31ஆம் நாள் எலைசாவுக்கு மூன்று வாரம் கழித்து மறுபடி 20 குஞ்சுகளைப் பரிசோதியுங்கள். ஆய்வகம் மாறினாலும் கிட் (பரிசோதனைப் பொருள்கள் அடங்கிய பெட்டி) மாறக் கூடாது. ஒரு கிட்டின் 4,000 இன்னொன்றில் வேறு எண்ணாக வரும்.

கொட்டகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது, பல கிருமிநாசினிகளுக்கு அசையாது. கோழி வெளியேறிய கொட்டகையில் 122 நாள் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. கூளம் முழுவதையும் அள்ளி, கழுவி, காயவிட்ட பிறகு ஃபார்மலின் போடுங்கள். கூள வண்டுகளையும் விட்டுவைக்காதீர்கள்.

மோகனூர்க் கொட்டகை:
நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி மூன்று வாரம் கழித்து எடுத்த இரண்டாவது எலைசாவில் 20 குஞ்சுகளும் 5,000க்கு மேல், சி.வி. 24. நோய் கொட்டகை முழுவதும் ஒரு சுற்று வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, புதிய குஞ்சுகள் இறக்கியாயிற்று. 3ஆம் நாள் இரத்தத்தில் 15ஆவது எண் 2,000. பிளஸ் மருந்து என்றால் இரண்டு முறை பாதியாக வேண்டும், 11 நாள். அதோடு 3, அதோடு 1. பதினைந்தாம் நாள் கொடுக்கிறேன். கணக்குச் சரிதானே ஐயா?

கோழி டாக்டர்:
சரி. முந்தைய நாளே தொட்டியில் குளோரின் விடுவதை நிறுத்துங்கள். மருந்து கலக்கும் நீரில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் லிட்டருக்கு இரண்டரை கிராம். விடியற்காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.