டேப் நடன வகுப்பை எங்கிருந்து தொடங்குவது: சொல்லிலிருந்தா, கணுக்காலிலிருந்தா?

தோ பாயோ ஆசிரியை:
சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், காலணித் தகட்டால் தரையில் தாளம் எழுப்பும் டேப் நடனத்தைத் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பரதநாட்டியம் பயில்பவர்கள் என்பதால், தகடு பொருத்திய காலணியை மாட்டும் முன்பே ஒலியை வாயால் சொல்லப் பழக்குகிறேன். முன்னும் பின்னும் உரசும் ஷஃபிளுக்கு 'தக'. வலது முன்பாதம், இடது முன்பாதம், வலது குதிகால், இடது குதிகால் என்று நான்கு ஒலி எழுப்பும் கிராம்ப் ரோலுக்குத் 'தகதிமி'. சொல் தெளிந்த பிறகே கால். இது டேப்பைப் பரதநாட்டியமாக மாற்றுகிற வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் குறை கூறினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பிடோக் பயிற்றுநர்:
அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன், அம்மா. பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவான (அடவான) தட்டடவில் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழுகிறது. பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியில் தொடையும் முழங்காலும் வெளிப்புறம் திரும்பி உறுதியாக நிற்கின்றன. டேப் கேட்பதோ இதற்கு நேர்மாறான உடல். முழங்கால்கள் முன்னோக்கித் தளர்ந்திருக்க வேண்டும், எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும், கணுக்கால் எந்த இறுக்கமும் இல்லாமல் தொங்க வேண்டும். 'தக' என்று சொன்ன மறுகணமே அடவு பயின்ற பிள்ளையின் கால் அடவாகத்தான் விழும். உரச வேண்டிய இடத்தில் அடிக்கும். அந்தக் கனத்த ஒலியைப் பின்னர் மெலிதாக்க எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்பது கற்பிக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் சில வாரங்களுக்கு நாற்காலியைப் பிடித்து நின்று கணுக்காலை ஆட்டும் பயிற்சியே போதும்.

தோ பாயோ ஆசிரியை:
கணுக்காலைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் குதித்துமெட்டடவை மறந்துவிட்டீர்கள். முன்பாதத்தில் குதித்து நின்று, பிறகு குதிகாலைத் தரையில் தட்டும் அந்தப் பயிற்சியை உடையவர்களுக்கு, முன்பாதமும் குதிகாலும் தனித்தனியே பேசக்கூடியவை என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

வாயால் சொல்வது டேப்புக்கு அந்நியமானதும் அன்று. ஜாஸ் பாடகர்கள் பொருளற்ற அசைகளைப் பாடுவதுபோலவே டேப் கலைஞர்களும் தங்கள் காலடிகளை வாயால் பாடிக் காட்டித்தான் ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். நியூயார்க்கின் ஹார்லமில் டேப் கலைஞர்கள் கூடிய ஹூஃபர்ஸ் கிளப்பில் அச்சிட்ட பாடத்திட்டம் எதுவும் இருக்கவில்லை. ஒருவர் ஆடுவார், மற்றவர் கேட்டு, அதைத் தமதாக்கி, மாற்றி ஆடுவார். டேப் கலைஞர் பில் ராபின்சன் முன்பாதத்தில் நிமிர்ந்து நின்று மெல்லிய, துல்லியமான ஒலியை எழுப்பினார். ஜான் பபிள்ஸ் 1920களில் குதிகாலை இறக்கி, தாளத்தின் கனத்தை அங்கே வைத்தார். இன்று ரிதம் டேப் என்று அழைக்கப்படுவதற்கு அவரையே மூலவராகச் சொல்கிறார்கள். இந்த இருவருக்கும் இடையிலான வேறுபாடு முதலில் காதுக்குப் புலப்படுவது. கை அசைவும் மேடைத் தோற்றமும் முன்னிற்கும், நியூயார்க் இசைநாடக மேடைகளின் பிராட்வே பாணியை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை. காதைத் திறக்காமல் கணுக்காலை மட்டும் பழக்கினால் எப்போதுமே பிடிபடாது.

பிடோக் பயிற்றுநர்:
காதைத் திறக்க வேண்டும் என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். எதைக் கேட்கச் செய்வது என்பதே கேள்வி. 'தகதிமி' நான்கு சம பங்குகள். டேப்பின் உயிரான ஸ்விங்கில் பங்குகள் சமமாக இருப்பதில்லை. முதல் ஒலி நீளும், அடுத்தது பின்தங்கிக் குறுகும். சம பங்கில் பதிந்த காது, டேப்பின் அடிப்படைக் காலடித் தொடரான டைம் ஸ்டெப்பைக்கூட அணிவகுப்பு நடைபோல ஆட வைக்கும். டேப் கலைஞர் பேபி லாரன்ஸ், பீபாப் என்ற ஜாஸ் வகைக் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு அதைக் காலில் எடுத்தவர். நம் பிள்ளைகளும் ஜாஸ் கேட்கட்டும். கதக் கலைஞர் சித்ரேஷ் தாஸும் டேப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் ஒரே மேடையில் ஆடியபோது அவரவர் இலக்கணத்தில் நின்றுதான் உரையாடினார்கள். அதனால்தான் அந்த உரையாடலுக்குப் பொருள் இருந்தது.

மிருதங்க மாணவர்:
ஒரு சிறு திருத்தம். வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு என்றால் நான்கு பங்குள்ள சதுசிரம் மட்டும் அன்று. மூன்று பங்குள்ள திசிர நடையில் 'தகிட' என்று சொல்லி, நடுவிலுள்ள 'கி'யை மௌனமாக்கினால் நீளமும் குறுக்கமும் கிடைத்துவிடும். பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். ஆயினும் பயிற்றுநர் ஐயா சொல்வதில் ஓர் உண்மை உண்டு. ஸ்விங் எந்த வேகத்திலும் மாறாத கணக்கு அன்று. மெதுவான பாட்டில் அது திசிரத்துக்கு அருகில் இருக்கும். வேகம் கூடக் கூட ஏறக்குறைய சமமாகிவிடும். முதல், இரண்டாம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்துக்கொண்டு போகும் நம் பழக்கம் இந்த நெகிழ்ச்சியைத் தராது. டைம் ஸ்டெப்பை மூன்று முறை ஆடி, நான்காவதாக ஒரு பிரேக் (மாறுபட்ட முடிப்பு) வைத்து எட்டு பாரில், அதாவது எட்டுத் தாள அளவில், முடிக்கும் அமைப்பை மட்டும் ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தோடு ஒப்பிட்டுத் தாராளமாக விளக்கலாம்.

செங்காங் பெற்றோர்:
வீட்டுப் பயிற்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுக்குமாடி வீட்டின் ஓட்டுத் தரையில் தகட்டுக் காலணியோடு ஆடினால் கீழ்வீட்டார் பொறுக்கமாட்டார்கள். பொறுக்கச் சொல்வதும் முறையன்று. ஒட்டுப்பலகை விரித்தாலும் ஒலி இறங்கத்தான் செய்கிறது. என் மகள் காலுறையோடு பாய்மீது நின்று அசைவைப் பழகுகிறாள், வாயால் ஒலியைச் சொல்கிறாள். சொல்லும் வழக்கம் இல்லாதிருந்தால் வாரம் முழுவதும் அவளுக்குப் பயிற்சியே இருந்திருக்காது.

பிடோக் பயிற்றுநர்:
இதை நான் ஏற்கிறேன்; இந்த ஊரில் இது பெரிய காரணமும்கூட. ஆனால் ஜாஸ் அசைகளையே சொல்லலாமே என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

இதில் நுணுக்கத்தைத் தாண்டிய ஒரு பொறுப்பும் எனக்குத் தெரிகிறது. தென் கரோலினாவில் 1739ஆம் ஆண்டு ஸ்டோனோ கிளர்ச்சி நடந்தது. அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடை செய்தது. முரசு பறிபோனவர்கள் தாளத்தைக் கையிலும் காலிலும் உடலிலும் காத்தார்கள். அந்தக் கறுப்பின மரபு அயர்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளின் கால் நடனங்களோடு கலந்துதான் டேப் உருவானது. சிங்கப்பூரில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை 'தகதிமி' என்று தொடங்கினால், இது தன் வீட்டுச் சொத்தின் இன்னொரு வடிவம் என்று எண்ணிவிடக் கூடும். யாருடைய துயரத்திலிருந்தும் மேதைமையிலிருந்தும் இது வந்தது என்பது முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

தோ பாயோ ஆசிரியை:
முதல் வகுப்பிலேயே தெரிய வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ராபின்சனின் பிறந்தநாளான மே 25, அமெரிக்காவில் டேப் நடன நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று என் வகுப்பில் ஷிம் ஷாம் ஆடி, டேப்பை உருவாக்கியவர்களின் கதையைச் சொல்கிறோம். லெனர்ட் ரீடும் வில்லி பிரையன்டும் 1920களில் அமைத்த அந்த 32 பார் நடனம், உலகின் எந்த ஊரில் டேப் கலைஞர்கள் கூடினாலும் சேர்ந்து ஆடப்படுவது. அதை ஜாஸ் அசைகளோடுதான் கற்பிக்கிறேன். அங்கே சொற்கட்டு வருவதில்லை. தொடக்க வாரங்களில் மட்டும், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒலியிலிருந்து தெரியாத ஒலிக்கு அழைத்துச் செல்வதைத் தவறென்று நான் கருதவில்லை.

நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று, வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம். எல்லோரும் வட்டமாக நிற்க, ஒவ்வொருவரும் நடுவே வந்து தமக்குத் தோன்றியதை நான்கு பார் ஆட வேண்டும். தேர்வுப் பாடத்திட்டத்தை மட்டும் பின்பற்றும் வகுப்புகளில் இதற்கு நேரம் ஒதுக்குவதே இல்லை.

பிடோக் பயிற்றுநர்:
வட்டத்தை நானும் நடத்துகிறேன், ஆனால் இரண்டாம் பருவத்தில்தான். இடது காலில் ஷஃபிள் தெளிவாக விழாத பிள்ளையை நடுவே நிறுத்தினால், கூச்சத்தில் வலது காலை மட்டுமே நம்பி ஆடும். அடுத்த வாரமும் அதையே ஆடும். பாடத்திட்டம் இரண்டு காலையும் ஒரே அளவில் கேட்கிறது என்பதற்காகவே அதை நான் விடுவதில்லை. உங்கள் வட்டத்தில் யாராவது இடது காலில் தொடங்குகிறார்களா என்று வரும் வாரம் கவனித்து இங்கே எழுதுங்கள், அம்மா.