பூட்டன் எந்த ஊர்லேருந்து, எப்ப வந்தாரு? எப்படி கண்டுபிடிக்கிறது

பால்மரத்துப் பேரன் (சுங்கை சிப்புட், மலேசியா):
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவோட அப்பா, அதாவது என் பூட்டன், 1915-ல ரஜூலா கப்பல்ல பினாங்குல வந்து எறங்கி இங்க பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினாருன்னு வீட்ல சொல்லுவாங்க, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஒருத்தர் கூட்டிட்டு வந்தாராம், அப்புறம் ஜப்பான்காரன் காலத்துல சயாம் (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போட புடிச்சிட்டுப் போனவரு திரும்பவே இல்ல. கையில இருக்கறது தாத்தாவோட சூராட் பிரானாக் (பிறப்புச் சான்றிதழ், 1931), ஒரு பித்தளை செம்பு, அவ்ளோதான். ஊரு "திருச்சி பக்கம்"னு மட்டும் தெரியும். எங்க ஆரம்பிக்கிறது?

பழைய கிராணி:
தம்பி, ரஜூலா கட்டினதே 1926-லதான். அதனால ஒன்னு வருஷம் தப்பு, இல்ல கப்பல் தப்பு. நம்ம பெருசுங்களுக்கு எந்த கப்பலா இருந்தாலும் ரஜூலாதான், அது வேற விஷயம். கங்காணி சமாச்சாரம் நம்பலாம், ஒப்பந்தக் கூலி முறைய 1910-லயே நிறுத்தியாச்சு, அதுக்கப்புறம் கங்காணிங்கதான் சொந்த ஊருக்கே போய் மாமன் மச்சான் அக்கம்பக்கம்னு ஆள் சேர்த்து கூட்டிட்டு வந்தாங்க. அதனால உங்க வீட்டுல கேக்கறதவிட அதே லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்த மத்த குடும்பத்துங்ககிட்ட அவங்க ஊரு எதுன்னு கேளுங்க, உங்க ஊரும் அந்தப் பக்கமாத்தான் இருக்கும். 1930-ல ரப்பர் வெலை விழுந்து ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க, இருந்தவங்களையே கப்பல் ஏத்தி திருப்பி அனுப்பின காலம் அது. தாத்தாவுக்கு மூத்தவங்க யாராச்சும் உண்டா? எங்க பொறந்தாங்க?

ஈப்போ அக்கா:
கல்யாண சர்டிபிகேட் தேடி அலையாதீங்க தம்பி, 1982 மார்ச்சுக்கு முன்னாடி கோயில்ல தாலி கட்டினா அதோட சரி, முக்கால்வாசிப் பேரு பதிவே பண்ணல. சயாம் போனவங்களுக்கு மரண சூராட்டும் அப்படித்தான், எங்க பெரிய தாத்தாவுக்கும் ஒன்னும் கெடைக்கல. பேரு விஷயத்துல கவனம், எங்க வீட்ல ஒரே ஆளு சூராட்ல முனியாண்டி, ஐசில (அடையாள அட்டை) முனியன், செக்ரோல்ல (தோட்டத்து ஆள் பதிவேடு) முனுசாமி, எழுதின கிராணி (தோட்டத்து குமாஸ்தா) காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி (கிராணி அண்ணன் கோவிச்சிக்க வேணாம்). உங்க குலசாமி யாரு? அப்புறம் அந்த செம்ப புளி போட்டு நல்லா தேய்ங்க, கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருப்பாங்க.

பால்மரத்துப் பேரன்:
தாத்தாவோட அக்கா ஒருத்தங்க, ஊர்ல பொறந்து கைக்குழந்தையா கப்பல்ல வந்தவங்க, ஐசில 1927-னு இருக்கு. குலசாமி செல்லாண்டியம்மன், வருஷா வருஷம் வீட்டுலயே ஒரு கல்லு வச்சு கும்பிடுவோம். செம்ப இன்னிக்கு ராத்திரி தேய்க்கிறேன்.

பழைய கிராணி:
ஐசி குடுக்க ஆரம்பிச்சதே 1948-ல, வயசு பாதி பேருக்கு குத்துமதிப்பு. இருந்தாலும் கைக்குழந்தைன்னா 1927, 28-ஐ ஒட்டித்தான் வந்திருக்கணும். அப்ப கப்பல் ரஜூலாவாவே இருக்கலாம் தம்பி, 1915-தான் பொய். செல்லாண்டியம்மன்னா கரூர், குளித்தலை, நாமக்கல்னு காவேரிக் கரையோரம் தேடுங்க.

பால்மரத்துப் பேரன்:
அக்கா, கிராணி அண்ணே, தேய்ச்சாச்சு. புளி ரெண்டு உருண்டை போச்சு, அம்மா திட்டு தனி. மொதல்ல "மு.அ."ன்னு தெரிஞ்சது, பூட்டன் பேரும் அவங்கப்பா பேரும் அந்த எழுத்துலதான் ஆரம்பிக்கும். அதுக்குப் பக்கத்துல "குளித்தலை". கை நடுங்கிடுச்சு.

பழைய கிராணி:
நல்லது. ஆனா குளித்தலை ஊரும் உண்டு, தாலுக்காவும் உண்டு, தாலுக்கான்னா அதுக்குள்ள எத்தனையோ கிராமம். இன்னொன்னு, அது இப்பதான் கரூர் மாவட்டம், அந்தக் காலத்துல திருச்சி ஜில்லா, உங்க வீட்ல "திருச்சி பக்கம்"னு சொன்னது சரிதான். பழைய தாள் எது தேடினாலும் திருச்சின்னே தேடுங்க. செம்புல வேற எழுத்து இருக்கா?

பால்மரத்துப் பேரன்:
கீழ இன்னொரு வரி இருக்குண்ணே, தேஞ்சு போச்சு. "பட்டி"ன்னு கடைசி மட்டும் தெரியுது. நாளைக்கு வெயில்ல சாய்ச்சு வச்சு போட்டோ எடுத்து போடறேன், யாராச்சும் படிக்க முடியுதான்னு பாருங்க.